அம்புக்குறி போட்ட மயில்

தம்பிக்கு எந்த ஊரு? மேலூர் இல்லையே? மேலூர்ல சொந்தக்காரங்க, சேக்காளிங்க, பொண்ணு எடுத்தது கொடுத்தது எதுவும் இல்லையே? அப்பச் சரி. செத்த நகருங்க, உக்காந்துக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க. மேலூர்க்காரன் பக்கத்துல உக்காந்து இந்தக் கட்டப்பையைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு முடிவுல இருக்கேன். அதான் ஏறினதும் விசாரிச்சேன்.

மதுரைக்குத்தான் போறேன். அங்க பெரிய பெரிய கம்ப்யூட்டர் கடையெல்லாம் இருக்காம்ல. ஒரு மெமரி கார்டைச் சோதிச்சுப் பாக்கணும். இந்தா, நகத்தளவு கார்டு. இதுல என்ன களவாணித்தனம் நடந்திருக்குன்னு ஒரு படிச்ச ஆளு பாத்துச் சொல்லணும். உங்க மடியிலயும் லேப்டாப் பை இருக்குல்ல, அதை ஏறும்போதே பாத்தேன். இருங்க, அவசரம் இல்லை. முதல்ல விசயத்தைச் சொல்றேன், அப்புறம் பாப்போம். யாரு என்னன்னு தெரியாம சட்டுன்னு கார்டை நீட்ட முடியாதுல்ல.

எனக்கு ஊரு திருப்பத்தூருக்குப் பக்கத்துல. வெள்ளைச்சாமி லைட் செட்டுன்னா சுத்துப்பட்டுல தெரியாத ஆளு இல்லை. நான்தான் வெள்ளைச்சாமி. திருவிழா, கல்யாணம், சடங்கு எதுன்னாலும் நம்ம சீரியல் செட்டுதான் எரியும். ஊருக்கெல்லாம் நான் லைட்டு போடுறேன், என் வீட்டு விசேசம் என்னடான்னா இருட்டுல கிடக்கு. வர்ற வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. மகிழினின்னு பேரு, ஒரே புள்ள. பந்தலுக்குச் சொல்லியாச்சு, ஆசாரிக்குச் சொல்லியாச்சு, கெடா வந்து மாட்டுக் கொட்டத்துல நிக்குது. எல்லாம் இருக்கு, புள்ளையை உக்கார வெக்க மடிதான் இல்லை. தாய்மாமன் மடியில வெச்சுத்தானே குத்துவோம்? அந்தத் தாய்மாமன்தான் என் பொழப்பைக் கெடுத்தவன்.

கார்மேகம்னு பேரு. என் வீட்டுக்காரி தெய்வானைக்குக் கூடப் பொறந்த ஒரே தம்பி. மேலூர்ல பிளக்ஸ் அடிக்கிற கடை வெச்சிருக்கான். அவன் இல்லாட்டி என்ன, உன் சித்தப்பன் மகன் திருப்பூர்ல இருக்கானே, அவனும் மாமன்தானே, அவன் மடியில வெச்சுக் குத்துவோம்னு சொன்னேன். தெய்வானை அடுப்புல இருந்ததை எறக்கி வெச்சுட்டு என்னையே பாத்தா. "என் தம்பி மடியில உக்காரலைன்னா என் புள்ளைக்குக் காதே குத்த வேணாம். மூளிக்காதோட இருக்கட்டும்" அப்படின்னுட்டா. அதோட பேச்சு நின்னு போச்சு. சோத்தை வெக்கிறா, தண்ணியை வெக்கிறா, வாயை மட்டும் திறக்க மாட்டேங்கிறா. கல்லு மாதிரி இருக்கு வீடு.

அதான் அத்தாட்சியோட போய் நிக்கலாம்னு கெளம்பிட்டேன். உன் தம்பிதான் கார்டுல கை வெச்சிருக்கான், மதுரைக் கடைக்காரன் வாயாலேயே சொல்லிட்டான்னு சொன்னா, அப்புறம் அவ என்ன பேச முடியும்?

இந்தாங்க, பழம் சாப்பிடுங்க. பைக்குள்ள ஒரு சீப்பு கிடக்கு. அவதான் வெச்சிருக்கா. வெத்தலை வேற இருக்கு, கொட்டைப்பாக்கு வேற. நான் வெத்தலையே போடுறதில்லை தம்பி. பேச மாட்டேங்கிறவ எதுக்கு இதையெல்லாம் எடுத்து வெக்கிறா? இதுல ஏதோ இருக்கு. வழியில பசிக்கும்னு வெச்சிருப்பா, நாமளே நல்லதா நினைச்சுக்குவோம். பிச்சாச்சு, புடிங்க. அப்புறம் சாப்பிடுறீங்களா? சரி, கையில வெச்சுக்குங்க.

விசயத்துக்கு வாறேன். முன்னெல்லாம் பல்பு ஓடணும்னா ரோலர் பெட்டி இருந்தாப் போதும். மோட்டார் சுத்தும், தகடு தொட்டுத் தொட்டு விலகும், பல்பு ஓடும். எந்த வயரை எந்தத் தகட்டுல கொடுத்தா அம்மன் கையில சூலம் அசையும்ங்கிறது தொழில் ரகசியம். கனெக்‌ஷன் கொடுக்கும்போது பெட்டி மேல துண்டைப் போட்டு மூடிக்குவேன். பக்கத்துல நிக்கிறவன் என் வேலைக்காரனா இருந்தாலும் காட்ட மாட்டேன். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான். காட்டுறவன் ஏமாளி.

இப்ப வந்திருக்கிறது எல்.ஈ.டி. ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியா நெறம் சொல்லலாம். மயிலை ஆட விடலாம், தோகையை விரிக்க விடலாம். அதை எல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரையணும். வரைஞ்சு, இந்தக் கார்டுல ஏத்தி, கன்ட்ரோல் பெட்டியில சொருகினா ஆடும். பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் யானையை ஆட விட்டதும் எனக்கு வந்துக்கிட்டிருந்த திருவிழாவெல்லாம் அவன் பக்கம் திரும்ப ஆரம்பிச்சிருச்சு. நானும் கத்துக்கணும்னு நின்னேன். கார்மேகம், நான் சொல்லித் தர்றேன் மச்சான்னு தானாவே வந்தான். தானாவே வந்தான், அதைக் குறிச்சுக்குங்க. கேக்காம எவனாச்சும் வருவானா?

ஞாயித்துக்கெழமையானா பைக்குல வந்துருவான். பழைய லேப்டாப் ஒண்ணு, அவனே பாத்து வாங்கிக் கொடுத்தது, இந்தப் பைக்குள்ள இருக்கிறதுதான். நான் என்ன நினைச்சேன்? மொத நாளே மயிலு, ரெண்டாம் நாளு தோகைன்னு நினைச்சேன். அவன் என்ன சொல்லிக் கொடுத்தான் தெரியுமா? தொறக்கிறது எப்படி, அணைக்கிறது எப்படி. அந்த மவுஸுல இந்தப் பக்கம் அமுக்கினா ஒண்ணு, அந்தப் பக்கம் அமுக்கினா ஒண்ணு. அடுத்த வாரமாச்சும் லைட்டுக்கு வருவான்னு பாத்தா, போல்டர் உண்டாக்குங்க மச்சான், அதுக்குப் பேரு வைங்க, அதுக்குள்ள இன்னொரு போல்டர் உண்டாக்குங்கன்னான். புள்ளைக்குப் பேரு வெச்சதுக்குக்கூட நான் இம்புட்டு யோசிச்சதில்லை. காப்பிங்கிறான், பேஸ்ட்டுங்கிறான். ஒண்ணை வெட்டச் சொன்னான், வெட்டினேன், காணாமப் போச்சு. பதறிட்டேன். வேற எடத்துல ஒட்டுங்க வந்துரும்னு சிரிக்கிறான். இருக்கிற பொருளை எதுக்குய்யா வெட்டணும்?

லைட்டு சாப்ட்வேர் எங்கடான்னு கேட்டா, இதெல்லாம் கைக்கு வந்தாத்தான் அதை ஏத்துவேன், இல்லாட்டி நடுவுல முழிப்பீங்கன்னான். அன்னைக்கே எனக்குப் பொறி தட்டிருச்சு. ரகசியத்தைக் காட்ட மனசில்லாதவன் என்ன செய்வான்? ரகசியத்துக்கு முன்னாடி இருக்கிற வெட்டி வேலையையே காட்டிக்கிட்டு இருப்பான். துண்டு போட்டு மூடுறதுல இது ஒரு தினுசு, அம்புட்டுத்தான். என்கிட்டயேவா?

நானும் சும்மா இல்லை. பாஸ்வேர்டு போடுங்கன்னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அம்புட்டு நல்லவனா நீயின்னு, நானும் கம்ப்யூட்டரையும் என் தலையையும் சேத்துத் துண்டால மூடிக்கிட்டு உள்ளுக்குள்ளேயே அடிச்சேன். தெய்வானை வந்து பாத்துட்டு, ஆவி புடிக்கிறீங்களான்னு கேக்குறா.

ஒரு நாளு பேச்சோட பேச்சா ஊர்ப் பலகைக் கதை ஒண்ணு சொன்னான். "மச்சான், ரோட்டுல மேலூர்னு அம்புக்குறி போட்டுப் பலகை இருக்குல்ல? அந்தப் பலகையைப் புடுங்கிட்டு வந்து உங்க வாசல்ல நட்டா, மேலூர் உங்க வாசலுக்கு வந்துருமா?" அப்படிங்கிறான். எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நெடுஞ்சாலைப் பலகையைப் புடுங்குற ஆளா நானு? என்னைப் பாத்துக் களவாணிங்கிறியான்னு எந்திரிச்சுக் கொட்டத்துப் பக்கம் போயிட்டேன். அவன் பின்னாடியே வந்து ஏதோ சொன்னான், நான் காதுல வாங்கலை. மச்சினன்னா எதுக்கும் ஒரு அளவு வேணாமா?

அதுக்கப்புறம் ஒரு வழியா சாப்ட்வேரை ஏத்தினான். சொன்னா நம்ப மாட்டீங்க, மயிலை வரைஞ்சது நானு. அவன் பக்கத்துல உக்காந்து நெறம் மட்டும் சொன்னான். கழுத்து நீலம் முதல்ல எரிஞ்சு, அப்புறம் ஒவ்வொரு கண்ணா தோகை விரியும். அதைப் பாத்துட்டு மகிழினி மாமன் கழுத்தைக் கட்டிக்கிட்டா. வரைஞ்சது அப்பன், கட்டிக்கிறது மாமன் கழுத்தை. போகட்டும். படம் உள்ள எங்கேயோ போல்டர்ல இருக்கு, தேடாம எடுக்கிறதுக்காகத் திரையிலேயே ஒண்ணு வெச்சிருக்கேன், இதை அமுக்குங்கன்னு தெறந்ததும் தெரியுற எடத்துல மயிலு படம் ஒண்ணை வெச்சுட்டுப் போனான். கார்டுல ஏத்துறதை மட்டும் நான் வந்து செஞ்சு தர்றேன்னான்.

பாத்தீங்களா, எங்க வந்து நிக்கிறான்னு? கார்டுதானே உசுரு. அது கையில இருந்தா எந்த ஊருல வேணா என் மயிலை ஆட விடலாம். அவன் கையில கொடுப்பேனா? முத்துமாரியம்மன் திருவிழா அன்னைக்கு மத்தியானமே கதவைச் சாத்திக்கிட்டு நானே ஏத்திட்டேன். அவன் சொல்லிக் கொடுத்த அதே காப்பி, அதே பேஸ்ட்டு. சும்மா ஏத்திட்டு விடலை. கார்டுக்குள்ள போயி, கார்டுல இருக்கிற மயிலையே அமுக்கிப் பாத்தேன். ஆடுச்சு. திரும்ப அமுக்கினேன், ஆடுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன் தம்பி. அப்புறம்தான் பெட்டியில சொருகி மூடினேன்.

சாமான் ஏத்தின வண்டியில எடமில்லை. பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு வந்தது யாரு? கார்மேகம். நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல. கோயில் வாசல்ல நூறடி வளைவு, உச்சியில மயிலு. அம்மன் புறப்பாட்டுக்குச் சரியா சுவிட்சைப் போடுறேன், மத்த சீரியல் எல்லாம் எரியுது, மயிலு மட்டும் கருப்பா நிக்குது. பெட்டியைத் தட்டிப் பாக்குறேன், வயரை ஆட்டிப் பாக்குறேன், ஒண்ணும் இல்லை. அம்மன் அந்த இருட்டு மயிலுக்குக் கீழே போச்சு தம்பி. பின்னாடி இருந்து ஒரு பய, மயிலு தூங்குதாப்பான்னு கத்துறான், கூட்டமே சிரிக்குது. எனக்கு அப்படியே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

கார்மேகம் ஓடி வந்தான். கார்டைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, "மச்சான், லேப்டாப்பை எடுங்க, ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிரலாம்"னான். இன்னும் பாக்கக்கூட இல்லை, அதுக்குள்ள சரி பண்ணிரலாமாம். என்ன கோளாறுன்னு பாக்காமலே எப்படித் தெரியும்? பண்ணினவனுக்குத்தானே தெரியும்? அவன் கையில இருந்து கார்டைப் புடுங்கினேன். "என் பொழப்பைக் கெடுக்கத்தான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்தியாடா?"ன்னு கேட்டேன். ஊரே நிக்குது. அவன் அக்கா நிக்கிறா. அவன் ஒரு வார்த்தை பதில் சொல்லலை. பைக்கை எடுத்தான், போயிட்டான். வீட்டுல கறிச்சோறு ஆக்கி வெச்சிருந்தது, ஒரு வாய் திங்கலை. தப்பு பண்ணாதவன் உக்காந்து சாப்பிட்டுல்ல போவான்? அதுலயே தெரியலையா? எனக்கும்தான் அன்னைக்குச் சோறு எறங்கலை. அது வேற விசயம்.

நீங்களே சொல்லுங்க. வீட்டுல ஆடின மயிலு கோயில்ல ஆடலை. நடுவுல மடியில வெச்சிருந்தவன் அவன். வேற யாரு கை பட்டிருக்கும்? கார்டை அன்னையிலிருந்து யாரையும் தொட விடலை, அப்படியே வெச்சிருக்கேன்.

உங்க மூஞ்சியைப் பாத்தா நல்ல ஆளாத்தான் தெரியுது. சரி, பாத்துருவோம். முதல்ல என் லேப்டாப்புல போடுறேன். திரும்பிக்குங்க, பாஸ்வேர்டு அடிக்கணும். ம். இந்தா கார்டு, இந்தா மயிலு, அமுக்குறேன். அட, ஆடுதே. அன்னைக்கு ஆடாதது இன்னைக்கு ஆடுது. அவனே எப்படியோ சரி பண்ணி வெச்சுட்டானோ? இந்தாங்க, இப்ப உங்களுதுல போடுங்க.

என்ன சொல்லுது? இல்லைங்குதா? நல்லாப் போடுங்க தம்பி, கழட்டித் திருப்பிப் போடுங்க. இப்பவும் இல்லையா? உங்க பெட்டியில கோளாறா இருக்கும். கொடுங்க இப்படி. இதோ, என்னுதுல ஆடுது பாருங்க. உங்களுதுல ஏன் ஆடலை? ஒரே கார்டு, என் கண்ணு முன்னாடி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகுது, நடுவுல யாரும் தொடலை. நீங்க ஒண்ணும் பண்ணலையே?

எதைப் பாக்கச் சொல்றீங்க? மூலையிலயா? கண்ணாடியை எடுத்துக்கிறேன், இருங்க. ஆமா, சின்னதா வளைஞ்சாப்புல ஒரு அம்புக்குறி. அதுக்கென்ன? இது படம் இல்லையா? பின்ன இது என்ன?

படம் என் லேப்டாப்புக்குள்ள இருக்கு. இது, படம் அங்க இருக்குன்னு காட்டுறது மட்டும்தானா. அதான் இங்க போட்டா ஆடுது, வேற எங்க போட்டாலும் ஆடாதா. கார்டுல அன்னைக்கும் மயிலு இல்லை, இன்னைக்கும் இல்லை. நான் ஏத்தினது வெறும் அம்புக்குறியை.

இருங்க தம்பி, கண்ணாடியைத் தொடைச்சுட்டு இன்னொரு தடவை பாக்குறேன்.

பலகை. இதையேதான் அவன் பலகைன்னான்.

இல்லை, சொன்னான். பலகையைப் புடுங்கிட்டு வந்தா ஊரு வராதுன்னு சொன்னான். நான்தான் கொட்டத்துப் பக்கம் போயிட்டேன்னே வெச்சுக்குவோம், கையைப் புடிச்சு உக்கார வெச்சுச் சொல்லியிருக்கணுமா இல்லையா? இம்புட்டு முக்கியமான விசயத்தை அம்புட்டு மெதுவாவா சொல்றது? அதோட, இந்த அம்புக்குறியை இம்புட்டுச் சின்னதா, இந்த மூலையில கொண்டுபோய் வெச்சவன் எவன்? உள்ள சரக்கு இல்லைன்னா பெருசா எழுதி வெக்க வேண்டியதுதானே? இதுல ஏதோ இருக்கு. கம்ப்யூட்டர் பண்றவனும் எங்க ஆளுங்க மாதிரித்தான், துண்டைப் போட்டு மூடுறான்.

ஊருக்கு நடுவுல வெச்சுல்ல கேட்டேன் அவனை. அவன் அக்கா முன்னாடி.

கண்டக்டரே, மதுரை டிக்கெட்டு எடுத்துட்டு மேலூர்ல எறங்கலாம்ல? இல்லை தம்பி, சமாதானமாப் போறேன்னு நினைச்சுக்காதீங்க, சண்டைக்குத்தான் போறேன். ஏன்டா ஒழுங்காச் சொல்லித் தரலைன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசட்டும், போதும். பேசாம மட்டும் இருக்கக் கூடாது. வீட்டுல ஒருத்தி பேசாம இருக்கிறதே தாங்க முடியலை.

லேப்டாப்பை உள்ள வைப்போம். என்ன இது, பைக்கு அடியில? பத்திரிகை. காதுகுத்துப் பத்திரிகை தம்பி, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கு. மேல பேரு எழுதியிருக்கா, பாருங்க. தாய்மாமன் கார்மேகம் அவர்களுக்கு. அவ கையெழுத்துதான். வெத்தலை, பாக்கு, பழம், பத்திரிகை. மதுரைக்குப் போறேன்னு சொல்லித்தானே கெளம்பினேன்? நான் மேலூர்ல எறங்குவேன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்பத்தானே தெரியும். அக்காளும் தம்பியும் ஏதாச்சும் பேசி வெச்சிருப்பாங்களோ?

மேலூர்ப் பலகை தாண்டிருச்சு, பஸ்டாண்டு வரப் போகுது. எந்திரிக்கிறேன். தம்பி, அந்தப் பழத்தை இன்னும் உரிக்கலைல்ல? கொடுத்துருங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. தட்டுல வெக்கிற சீப்புல ஒண்ணு குறையக் கூடாது. பக்கத்துல ஒட்டினாப்புல சேத்து வெச்சா, பிச்சது தெரியாது.